எலெக்ட்ரானிக் போர்டை ஈயடிச்சான் காப்பி அடிப்பதைத் தடுக்க முடியுமா? பூட்டு, சாவி, சட்டம்: முழு விளக்கம்

2024 ஆகஸ்ட் மாதம், கையடக்க கம்ப்யூட்டர் போர்டுகளுக்குப் பெயர் பெற்ற பிரிட்டனின் ராஸ்பெர்ரி பை நிறுவனம் ஒரு சவால் விட்டது. ஆர்பி2350 என்ற தன் புதிய சிப்புக்குள் ஒரு ரகசியக் குறியீட்டை வைத்துப் பூட்டியிருக்கிறோம், அதை வெளியே எடுத்துக் காட்டுபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. ஒரு மாதம் ஆகியும் யாரும் ஜெயிக்கவில்லை. பரிசை 20,000 டாலராக உயர்த்தி, டிசம்பர் வரை கெடு கொடுத்தார்கள்.

2025 ஜனவரியில் முடிவு வந்தது. ஜெயித்தது ஒருவர் அல்ல, நான்கு தரப்பினர். நான்கும் வெவ்வேறு வழிகள். மின்னழுத்தத்தை ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் ஆட்டிவிட்டு உள்ளே போனவர்கள் உண்டு. ஒருவர் சிப்பின் பின்பக்கத்தில் லேசர் அடித்தார். ஒரு குழு, சிப் தயாரிக்கும் ஆய்வகங்களில் இருக்கும் அயனிக்கற்றைக் கருவியை வைத்து நினைவகத்தையே நேரடியாகப் படித்துவிட்டது. நிறுவனம் நால்வருக்கும் முழுப் பரிசைக் கொடுத்தது.

பாதுகாப்பையே முக்கிய அம்சமாகச் சொல்லி விற்கப்பட்ட சிப்புக்கே இதுதான் நிலைமை. அப்படியென்றால் தண்ணீர் மோட்டார் கன்ட்ரோலர், பில்லிங் மெஷின், ஜிபிஎஸ் டிராக்கர் என்று சொந்தமாக வடிவமைத்து விற்கும் சின்ன நிறுவனங்கள் தங்கள் போர்டை எப்படிக் காப்பாற்றுவது? பல வருட உழைப்பை மற்றொருவர் சில வாரங்களில் பிரித்துப் பார்த்து, பாதி விலைக்கு விற்றால் என்ன செய்வது?

ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்றால் என்ன?

ஒரு பொருளைப் பிரித்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பின்னாலிருந்து முன்னால் கண்டுபிடிப்பதுதான் ரிவர்ஸ் இன்ஜினியரிங். அம்மா சொல்லாத குழம்புப் பக்குவத்தை ருசி பார்த்தே கண்டுபிடிப்பது மாதிரி.

இது எப்போதும் திருட்டு அல்ல. 1981-ல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. உள்ளே இருந்த பெரும்பாலான பாகங்கள் கடையில் கிடைப்பவை. ஐபிஎம்முக்கே சொந்தமாக இருந்தது, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற சின்ன மென்பொருள்தான். காம்பேக் நிறுவனம் அதை நேரடியாகக் காப்பி அடிக்கவில்லை. ஒரு குழு பயாஸ் என்னென்ன செய்கிறது என்று படித்துக் குறிப்பு எழுதியது. மூல நிரலைக் கண்ணால்கூட பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. இதற்கு கிளீன் ரூம் முறை என்று பெயர். இன்றைக்கு எந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கினாலும் ஒரே மென்பொருள் ஓடுகிறது என்றால், அதற்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

பிரச்சனை, உழைப்பே இல்லாமல் அப்படியே அச்சு எடுக்கும்போதுதான் வருகிறது.

எதைத் திருடுகிறார்கள்?

ஒரு மோட்டார் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று அடுக்கு இருக்கிறது. முதலாவது போர்டு: எந்தப் பாகம் எங்கே, எந்தக் கோடு எதோடு சேர்கிறது என்பது. இரண்டாவது, மைக்ரோ கன்ட்ரோலர் சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர். வோல்டேஜ் குறைந்தால் என்ன செய்வது, கிணற்றில் தண்ணீர் வற்றியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற மூளை அதில்தான் இருக்கிறது. மூன்றாவது, செல்போன் ஆப்போடும் சர்வரோடும் பேச உதவும் டிஜிட்டல் சாவி.

முதல் அடுக்கைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம் வரும், ஆனால் உண்மை அதுதான். இரண்டு பக்கம் மட்டும் கோடு ஓடும் போர்டு என்றால் ஒரு ஸ்கேனரும் மல்டிமீட்டரும் போதும், கொஞ்ச நாளில் முழு சர்க்யூட்டும் வரைந்துவிடலாம். நான்கு அடுக்கு, ஆறு அடுக்கு போர்டு என்றால் ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்துப் படம் எடுப்பார்கள், அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள். இதைக் கூலிக்குச் செய்து தர ஆட்கள் இருக்கிறார்கள். சீனாவில் இது விளம்பரம் செய்து நடத்தப்படும் தொழில்.

சிப்பின் பெயரைச் சுரண்டினால் போதுமா?

பலரும் முதலில் செய்வது, சிப்பின் மேல் இருக்கும் எண்ணை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிடுவது. அல்லது போர்டு முழுக்க கறுப்பு எபோக்சியை ஊற்றி மூடிவிடுவது.

எண்ணை அழித்தாலும் சிப்பின் வடிவம், எத்தனை கால், எந்தக் காலில் மின்சாரம் வருகிறது, கிரிஸ்டல் எங்கே இணைந்திருக்கிறது என்று பார்த்தே அனுபவசாலிகள் சிப் எது என்று சொல்லிவிடுவார்கள். எபோக்சியைச் சூடு காட்டியும் ரசாயனம் போட்டும் எடுக்க முடியும். போர்டு ஒன்றிரண்டு பாழாகும், அவ்வளவுதான். காப்பி அடிப்பவர் இன்னும் நாலு வாங்கிக்கொள்வார்.

அதற்காக எபோக்சி வீண் என்று அர்த்தமல்ல. ஈரம், தூசு, அதிர்விலிருந்து போர்டைக் காக்கும். அவசரக்காரரைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆனால் அதை ரகசியக் காப்பாக மட்டும் நம்பினால் வேலைக்கு ஆகாது. பாதிப்பு என்னவோ பெரும்பாலும் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்குத்தான். ஐந்து ரூபாய் பாகம் போனாலும் முழு போர்டையும் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும்.

சிப்புக்குள் ஒரு பூட்டு

உண்மையான சண்டை இரண்டாவது அடுக்கில்தான். இன்றைய மைக்ரோ கன்ட்ரோலர்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரு பூட்டு வசதி உண்டு. ஃபர்ம்வேரை ஏற்றிய பிறகு அந்தப் பூட்டைப் போட்டுவிட்டால், வெளியிலிருந்து கருவி மாட்டி உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. பூட்டை எடுக்க முயன்றால் பல சிப்புகள் முதலில் ஃபர்ம்வேரை அழித்துவிட்டுத்தான் திறக்கும்.

இதற்குத் தனியாகச் செலவு கிடையாது. ஆனாலும் பூட்டே போடாமல் சந்தைக்கு வரும் பொருட்கள் ஏராளம். சோதனை நேரத்தில் வசதிக்காகத் திறந்து வைத்திருப்பார்கள். அனுப்பும் அவசரத்தில் மறந்துவிடுவார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சிப்பை நன்றாகப் பூட்டிவிட்டு, அதே ஃபர்ம்வேரை அப்டேட் ஃபைல் என்று தங்கள் வெப்சைட்டில் எந்தக் குறியாக்கமும் இல்லாமல் போட்டு வைப்பார்கள். வாசலைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதை. காப்பி அடிப்பவர் சிப் பக்கமே போக வேண்டாம், டவுன்லோடு செய்தால் போதும்.

பூட்டு போட்டாலும் முழு நிம்மதி இல்லை. கிளிட்ச் என்று ஒரு முறை இருக்கிறது. சிப் ஆன் ஆகும்போது, பூட்டு போட்டிருக்கிறதா என்று தன்னையே ஒருமுறை சரிபார்க்கும். சரியாக அந்தக் கணத்தில் மின்சாரத்தைக் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக ஆட்டிவிட்டால், சிப் தடுமாறி அந்தச் சரிபார்ப்பைத் தாண்டிப் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் வாட்ச்மேன் அடையாள அட்டை பார்க்காமலேயே உள்ளே விடுவது மாதிரி.

2020 ஜனவரியில் கிராக்கன் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழு, ட்ரெசார் என்ற கிரிப்டோ வாலட்டில் இந்த வித்தையைக் காட்டியது. கருவி கையில் 15 நிமிடம் இருந்தால் போதும், உள்ளே இருக்கும் ரகசியத்தை எடுத்துவிடலாம் என்றது. வாலட்டுக்குள் இருந்தது பல கோடிப் பொருட்களில் பயன்படும் சாதாரண வகை மைக்ரோ கன்ட்ரோலர். கோளாறு சிப்பின் வன்பொருளிலேயே இருந்ததால் மென்பொருள் அப்டேட்டால் அதை அடைக்க முடியவில்லை.

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி: பெரிய தவறு இதுதான்

ஒரு கருவியை ஒருவர் உடைத்துவிடுவதை முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் ஒன்றை உடைத்தால் எல்லாமே திறந்துகொள்ளுமா, அல்லது அந்த ஒன்றோடு முடிந்துவிடுமா என்பதைத் தீர்மானிப்பது வடிவமைப்பவர் கையில்தான் இருக்கிறது. இந்த இடத்தில் பெரிய பெரிய கம்பெனிகளே சறுக்கியிருக்கின்றன.

2001-ல் மைக்ரோசாஃப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸ் கேம் கருவியை வெளியிட்டது. அனுமதி இல்லாத மென்பொருள் ஓடக்கூடாது என்று, துவக்க நிரலை ஒரு சிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். மறையாக்கத்திலிருந்து விடுவிக்கும் சாவியும் அங்கேயே இருந்தது. அப்போது எம்ஐடியில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், சிப்பை உடைக்கவில்லை. இரண்டு சிப்புகளுக்கு இடையில் போர்டில் ஓடும் கோடுகளில் தன் சொந்தக் கருவியை இணைத்து, போகிற வருகிற தகவலை ஒட்டுக்கேட்டார். சாவி அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு வேகமாக ஓடும் தகவலை யார் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். 2002-ல் வெளிவந்த அவரது கட்டுரைக்குப் பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. எல்லா எக்ஸ்பாக்ஸிலும் ஒரே சாவி என்பதால், ஒன்றில் கண்டுபிடித்தது எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

2008-ல் ஜெர்மனியின் போகம் நகர ஆய்வாளர்கள், கார் கதவு, கராஜ் கதவு ரிமோட்களில் பரவலாக இருந்த கீலாக் என்ற முறையை உடைத்தார்கள். எப்படி? சிப் கணக்குப் போடும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்தார்கள். சாவியின் ஒவ்வொரு பகுதியைக் கையாளும்போதும் மின்சாரச் செலவு மிக நுட்பமாக மாறும். ஆயிரக்கணக்கான முறை அளந்து கணக்கிட்டால் சாவியே தெரிந்துவிடும். இந்த முறையை பால் கோச்சர் குழுவினர் 1990-களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டியிருந்தார்கள். கீலாக்கில் ரிமோட்டுக்கு ரிமோட் சாவி வேறுதான். ஆனால் அவற்றை உருவாக்கும் தாய்ச்சாவி ஒரு தயாரிப்பாளருக்கு ஒன்றுதான். அது ரிசீவரில் இருந்தது. அதை எடுத்ததும் கதை முடிந்தது.

எட்டு வருடம் கழித்தும் அதே கதை. 2016-ல் இஸ்ரேல், கனடா ஆய்வாளர்கள் பிலிப்ஸ் ஹ்யூ ஸ்மார்ட் பல்புகளில் அதே மின்சார அளவீட்டை வைத்து, அப்டேட்டுகளைப் பாதுகாக்கும் சாவியை எடுத்தார்கள். கருவிச் செலவு சில நூறு டாலர்தான். அந்த வகைப் பல்புகள் அத்தனைக்கும் சாவி ஒன்றே. ட்ரோனில் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, தூரத்திலிருந்தே கட்டடத்துக்குள் இருந்த விளக்குகளைக் கட்டுக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். இதற்குப் பயன்பட்ட இன்னொரு ஓட்டையை பிலிப்ஸ் பிறகு அப்டேட் மூலம் அடைத்தது.

தீர்வு சிக்கலானது அல்ல. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி சாவி ஏற்ற வேண்டும். அந்தச் சாவி எந்தத் தாய்ச்சாவியிலிருந்து வருகிறதோ, அது கருவிக்குள் இருக்கவே கூடாது, நிறுவனத்தின் சர்வரில் மட்டும் இருக்க வேண்டும். சாவியைப் பத்திரமாக வைப்பதற்கென்றே செக்யூர் எலிமென்ட் என்ற சின்ன சிப்புகள் கிடைக்கின்றன. ஏடிஎம் கார்டில் தெரிகிற சிப்பும் அந்தக் குடும்பம்தான்.

இப்படிச் செய்தால் காப்பி அடிப்பவர் போர்டை அச்சு அசலாகச் செய்யலாம், ஃபர்ம்வேரைக்கூட எடுத்துவிடலாம். ஆனால் அவர் விற்கும் ஒவ்வொரு பீஸிலும் ஒரே சாவிதான் இருக்கும். ஒரே அடையாளத்தோடு நூறு கருவிகள் சர்வருக்கு வந்தால், அது போலி என்று கண்டுபிடித்து முடக்கிவிடலாம்.

சிப்பைச் சீவிப் பார்த்தவர்கள்

முறையே யாருக்கும் தெரியாமல் இருந்தால் பாதுகாப்பு என்று நம்புவதும் ஆபத்து. மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு உலகம் முழுக்க பஸ், ரயில், அலுவலகக் கதவுகளில் பயன்பட்டது. லண்டனின் ஆய்ஸ்டர் கார்டும் நெதர்லாந்தின் போக்குவரத்து கார்டும் அப்போது இந்த வகைதான். அதன் மறையாக்க முறையை நிறுவனம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது.

2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளாட்ஸ் இருவரும் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று விளக்கினார்கள். கார்டிலிருந்து சிப்பைப் பிரித்து, அடுக்கு அடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் படம் எடுத்தார்கள். படத்தில் தெரிந்த நுண்ணிய சர்க்யூட் வடிவங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, முறையை மீட்டெடுத்தார்கள். உள்ளே இருந்தது 48 பிட் சாவியுள்ள பலவீனமான முறை. 2008-ல் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் பலவீனத்தை முழுதாக வெளியிடப் போனபோது, தயாரிப்பாளரான என்எக்ஸ்பி தடை கேட்டு நீதிமன்றம் போனது. நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நல்ல மறையாக்க முறை என்பது, முறை எல்லோருக்கும் தெரிந்தும் சாவி இல்லாமல் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். 19-ம் நூற்றாண்டிலேயே கெர்க்காஃப்ஸ் சொன்ன விஷயம் இது. சொந்தமாக ஒரு புது முறை கண்டுபிடித்து ஒளித்து வைப்பதைவிட, ஏஇஎஸ் மாதிரி உலகமே சோதித்துப் பார்த்த முறையை எடுத்துக்கொள்வது நல்லது.

திறந்தால் அழியும் கருவிகள்

மளிகைக் கடையில் கார்டு தேய்க்கும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சாவிகள் தானாக அழிந்துவிடும். மூடிக்கு அடியில் சுவிட்சுகளும், முக்கியப் பகுதியைச் சுற்றி வலை மாதிரி மெல்லிய கம்பிகளும் இருக்கும். ஒரு கம்பி அறுந்தாலும் சின்ன பேட்டரியால் உயிரோடு இருக்கும் நினைவகம் காலியாகிவிடும். பலமாகக் கீழே விழுந்தால்கூட சில மெஷின்கள் தாக்குதல் என்று நினைத்துத் தங்களைப் பூட்டிக்கொள்ளும். பணம் புழங்கும் இடம் என்பதால் இந்தத் தொல்லை நியாயம்தான்.

இதையே விளையாட்டில் செய்தால்? ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 என்ற ஆர்கேட் போர்டில் அப்படித்தான் செய்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசை கேம்கள் ஓடிய போர்டு இது. கேமைத் திறக்கும் சாவி, பேட்டரியால் தாங்கப்பட்ட நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி போய்விடும், போர்டு செத்துவிடும். ரசிகர்கள் அதற்குத் தற்கொலை பேட்டரி என்றே பெயர் வைத்தார்கள்.

காப்பி அடிப்பவர்களைப் பல வருடம் அது தடுத்தது உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்களின் போர்டுகளும் வரிசையாகச் செத்தன. பின்னாளில் அந்த மறையாக்க முறையை உடைத்து, செத்த போர்டுகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்த ஆர்வலர்கள்தான்.

போலியைத் தண்டிக்கப் போய் வாடிக்கையாளரைத் தண்டித்த சம்பவமும் உண்டு. எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி சிப்புகளுக்குச் சந்தையில் ஏராளமான போலிகள் இருந்தன. 2014 அக்டோபரில், விண்டோஸ் அப்டேட் வழியாகப் போன அந்த நிறுவனத்தின் டிரைவர் மென்பொருள், போலி சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக மாற்றியது. கருவி வேலை செய்யாமல் போனது. தங்கள் கருவிக்குள் இருப்பது போலி சிப் என்று வாங்கியவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

திருட்டு நடப்பது தொழிற்சாலை வாசலிலேயே

இவ்வளவு லேசர், அமிலம் எல்லாம் இல்லாமலேயே வடிவமைப்பு வெளியே போக எளிய வழி இருக்கிறது. போர்டு செய்து தரும் ஒப்பந்தத் தொழிற்சாலைக்கு, போர்டு வரைபட ஃபைல், பாகங்களின் பட்டியல், ஃபர்ம்வேர் மூன்றையும் நிறுவனமே மெயிலில் அனுப்புகிறது. 1,000 பீஸ் ஆர்டர் கொடுத்தால், இரவு ஷிஃப்டில் இன்னும் 300 பீஸ் ஓட்டுவதற்கு எந்த ரிவர்ஸ் இன்ஜினியரிங்கும் தேவையில்லை. வேலையை விட்டுப் போகும் ஊழியரின் பென் டிரைவும் இதே ரகம்தான்.

இதைத் தடுக்க நடைமுறையில் பலன் தரும் வழி, தொழிற்சாலைக்கு அசல் ஃபர்ம்வேரைக் கொடுக்காமல் இருப்பது. போர்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை ஃபர்ம்வேரை மட்டும் கொடுக்க வேண்டும். போர்டு தங்கள் இடத்துக்கு வந்த பிறகு அசலை ஏற்றி, சாவியைப் போட்டு, பூட்ட வேண்டும். மூளை இல்லாத போர்டை எத்தனை கூடுதலாகச் செய்தாலும் விற்க முடியாது.

1980-களின் நின்டெண்டோ கதையும் இதையே சொல்கிறது. கேம் கேசட்டில் ஒரு சிப், கருவியில் ஒரு சிப், இரண்டும் சரியாகப் பேசிக்கொண்டால்தான் கேம் ஓடும். அடாரி கேம்ஸ் நிறுவனம் அந்தச் சிப்பின் மேலடுக்கை ரசாயனத்தால் உரித்து நுண்ணோக்கியில் பார்த்தது, முழுதாகப் புரியவில்லை. கடைசியில் நின்டெண்டோ காப்பிரைட்டுக்காகப் பதிவு செய்திருந்த நிரலை, வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி அமெரிக்க அரசு அலுவலகத்திலிருந்தே வாங்கியது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடாரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கவனிக்க வேண்டியது, சிப்பைப் பிரித்து ஆராய்ந்ததை நீதிமன்றம் தவறு என்று சொல்லவில்லை. பொய் சொல்லி வாங்கியதுதான் தவறானது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

ஒரே சட்டம் எல்லாவற்றையும் காப்பாற்றாது. புதிய கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டு காப்பு தருவது பேடன்ட். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஊருக்கே வெளியிட வேண்டும். பெட்டியின் தோற்றத்துக்கு டிசைன் சட்டம் இருக்கிறது. சிப்புக்குள் இருக்கும் சர்க்யூட் அமைப்புக்கு 2000-ம் ஆண்டின் குறைகடத்தி லேஅவுட் வடிவமைப்புச் சட்டம் 10 ஆண்டு காப்பு தருகிறது. அதிலும் ஆய்வுக்காகவும் கற்பிப்பதற்காகவும் பிரித்துப் பார்ப்பதற்கு விலக்கு உண்டு. இது சிப்புக்கான சட்டம், கடையில் வாங்கிய சிப்புகளை அடுக்கிச் செய்த போர்டுக்குப் பொருந்தாது.

வர்த்தக ரகசியத்துக்கு இந்தியாவில் இன்னும் தனிச் சட்டம் இல்லை. தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 289-வது அறிக்கையில் 2024-ல் பரிந்துரைத்தது. இப்போதைக்கு ஊழியரிடமும் தொழிற்சாலையிடமும் எழுதி வாங்கும் ஒப்பந்தம்தான் துணை. இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தனிச் சட்டம் உள்ள அமெரிக்காவில்கூட, கடையில் வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்த்து ரகசியத்தைத் தெரிந்துகொள்வது குற்றமல்ல என்று 1974-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சின்ன நிறுவனத்துக்குக் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் காப்பிரைட். கம்ப்யூட்டர் நிரலும் எழுத்துப் படைப்பாகவே கருதப்படுவதால், ஃபர்ம்வேரை அப்படியே காப்பி அடித்தால் வழக்குப் போடலாம். ஆனால் காப்பி என்று நிரூபிக்க வேண்டுமே? அதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. வழக்கமான பயன்பாட்டில் யாரும் தராத ஒரு கட்டளை வந்தால், நிறுவனத்தின் பெயரைப் பதிலாக அனுப்பும்படி ஃபர்ம்வேருக்குள் மறைவாக எழுதி வைப்பது. எதிராளியின் கருவி நீதிமன்றத்தில் உங்கள் பெயரைச் சொன்னால் அதைவிட சாட்சி வேண்டாம்.

பூட்டை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தவும் முடியாது. பிரின்டர் டோனரில் சிப் வைத்து மற்ற கம்பெனி டோனர்களைத் தடுத்த லெக்ஸ்மார்க், அந்த சிப்பைக் காப்பி அடித்த ஸ்டாட்டிக் கன்ட்ரோல் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2004-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் லெக்ஸ்மார்க்குக்குச் சாதகமாக இருந்த தடையை நீக்கியது. இந்தியாவிலும் வாங்கிய பொருளைப் பழுது பார்க்கும் உரிமை பற்றி நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் குழு அமைத்து, தனி இணையதளமும் தொடங்கியது.

எவ்வளவு செலவு செய்யலாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் பொருளைப் பொறுத்தது. நான்கு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே உள்ள போர்டில் ஒளிக்க எதுவும் இல்லை, அதற்குப் பாதுகாப்புச் செலவே வீண். ஃபர்ம்வேர்தான் சரக்கு என்றால், பூட்டைப் போடுவதும் அப்டேட் ஃபைலை மறையாக்கம் செய்வதும் தொழிற்சாலைக்கு அசலைக் கொடுக்காமல் இருப்பதும் முதல் வேலை. மூன்றுக்கும் பணத்தைவிட ஒழுங்குதான் அதிகம் தேவை. சர்வரோடு பேசும் கருவி என்றால் தனித்தனி சாவி கட்டாயம். அதற்கு மேல் செக்யூர் எலிமென்ட், கம்பி வலை எல்லாம் பணமோ உயிரோ சம்பந்தப்பட்ட கருவிகளுக்கு.

எதிராளியின் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஃபர்ம்வேரைப் புதிதாக எழுத மூன்று மாதச் சம்பளம் போதும் என்றால், யாரும் லேசர் வாங்கி உடைக்க மாட்டார்கள், எழுதிவிடுவார்கள். பூட்டு அந்த மூன்று மாதச் செலவைவிடக் கடினமாக இருந்தாலே அதன் வேலை முடிந்தது.

ராஸ்பெர்ரி பை நிறுவனம், தோற்ற சவாலிலிருந்து கிடைத்த விவரங்களை வெளிப்படையாகப் பகிர்ந்தது. பின்னர் வந்த திருத்திய சிப்பில், அந்தப் போட்டியில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் பலவற்றை அடைத்திருக்கிறது.